ரெண்டு பக்கமும் சிங்கம் உள்ள 5 ரூபாய்: மின்ட் எரரா, பட்டறை வேலையா?

செல்லாக்காசு:
வணக்கம் மக்களே, சந்தையில ஒரு பழைய 5 ரூபாய் வாங்கினேன், 92ல இருந்து வந்துச்சே அந்த தடிமனான வெள்ளைக் காசு. ரெண்டு பக்கமும் சிங்கம்தான், 5ங்கிற நம்பரும் இல்ல, வருஷமும் இல்ல. 1500 கொடுத்தேன். மேஜிக் காயின்னு சொல்லி சிரிக்கப் போறவங்களுக்கு முன்னாடியே சொல்லிடறேன், எடை போட்டாச்சு, 8.96 கிராம் வருது, ஒரிஜினல் 9 கிராம். காந்தமும் ஒட்டல. விளிம்புல அந்த செக்யூரிட்டி கோடு முழுசா சுத்தி வருது, ஒட்டுன தடமே கிடையாது. இது மின்ட் எரர்தான், அதாவது காசு அடிக்கற ஆலையிலயே நடந்த தப்பு, இல்லங்கறவங்க காரணத்தோட வாங்க.

கடைசல்மணி:
நான் லேத்துல வேலை பாக்கறவன் சார், எனக்கு காசு சேக்கற பழக்கம்லாம் இல்ல, தம்பி லிங்க் அனுப்பினான்னு வந்தேன். விளிம்புல தேடுனா எப்படிங்க கிடைக்கும்? ஒரு காசோட 5 போட்ட பக்கத்தை உள்ளே கிண்ணம் மாதிரி கடைஞ்சு எடுத்துட்டு சுத்தி இருக்கற ரிம்மை மட்டும் விட்டுடுவாங்க, இன்னொரு காசோட சிங்கப் பக்கத்தை மெல்லிசா சீவி, வெளி ரிம்மையும் கழிச்சு, அந்தக் கிண்ணத்துக்குள்ள டைட்டா இறக்கிடுவாங்க. விளிம்பு முதல் காசோட விளிம்பு, அதை யாரும் தொடவே இல்ல. ஜாயின்ட் வர்ற இடம் முகத்துல, ரிம் முடிஞ்சு தளம் ஆரம்பிக்கற அந்த மூலையில, அதுவும் ஒரு பக்கம் மட்டும்தான்.

எடை சரியா இருக்குன்னா என்ன அர்த்தம்? ரெண்டும் அதே உலோகம், மொத்த தடிமனும் அதே, அப்ப எடையும் அதேதான் வரும். காந்தமும் அப்படித்தான்.

செல்லாக்காசு:
அண்ணே உங்க தொழில் அனுபவத்துக்கு மரியாதை, ஆனா செய்ய முடியும்ங்கறதும் செஞ்சாங்கங்கறதும் ஒண்ணு இல்லையே. இங்கிலாந்துல 20 பென்ஸ் கதை தெரியாதா? 2008ல டிசைன் மாத்தினப்போ வருஷமே இல்லாம ஆயிரக்கணக்குல காசு வெளிய வந்துச்சு, ராயல் மின்ட்டே ஒத்துக்கிச்சு. அவ்ளோ பெரிய மின்ட்டுல நடக்கும், நம்ம ஊர்ல நடக்காதா?

காசுக்கிறுக்கி:
செல்லாக்காசு, அந்த 20 பென்ஸ் உங்களுக்கு எதிரான சாட்சி. அது எப்படி நடந்துச்சுன்னு பாருங்க, அதுவரைக்கும் வருஷம் பின்பக்கம் இருந்துச்சு, புது டிசைன்ல அதை ராணி தலை இருக்கற பக்கத்துக்கு மாத்தினாங்க, யாரோ பழைய தலை டையையும் (டைன்னா காசுல டிசைனை அடிக்கற அச்சு) புது பின்பக்க டையையும் சேர்த்து மாட்டிட்டாங்க. ரெண்டு பக்கமும் வருஷம் இல்ல, ஆனா ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் பின்பக்கம், அதாவது ரெண்டு டையும் அதது மாட்ட வேண்டிய இடத்துலதான் இருந்துச்சு. அமெரிக்காவுல 2000ல குவார்ட்டர்ங்கற 25 சென்ட் காசோட தலையும் சக்காஜவேயா படம் போட்ட ஒரு டாலர் காசோட கழுகும் சேர்ந்து வந்த காசும் அதே கதைதான்.

உங்க காசு வரணும்னா சிங்க டையை எடுத்துட்டுப் போய் மதிப்பு டை உட்கார்ற இடத்துல மாட்டணும். மேல் டையும் கீழ் டையும் தப்பா மாறிடக் கூடாதுன்னே சில மின்ட்டுல டையோட அடிப்பாகத்தை வேற வேற வடிவத்துல செய்வாங்க. எரர்னு சொன்னா எந்த மெஷின்ல, எந்தக் கட்டத்துல, எப்படி ஆச்சுன்னு ஒரு கதை சொல்லத் தெரியணும். உங்களால சொல்ல முடியுதா?

ஓரணா:
காசுக்கிறுக்கி மேடம், பாதி ஒத்துக்கறேன் பாதி ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பக்கமும் கழுகு இருக்கற நிஜமான அமெரிக்க குவார்ட்டர் இருக்கு, விரல் விட்டு எண்ற அளவுக்கு, காசை சோதிச்சு சான்று தர்ற கிரேடிங் கம்பெனியே பாத்து சரின்னு சொன்னது. அதனால நடக்கவே நடக்காதுன்னு அடிச்சு சொல்லாதீங்க. ஆனா அது மாதிரி காசெல்லாம் தெரியாம நடந்ததுன்னு நம்ப எனக்கு மனசு வரல, உள்ளே வேலை பாத்தவன் வேணும்னே அடிச்சு வெளிய கொண்டு வந்திருப்பான். அதையும் எரர்னே சொல்றீங்க, பட்டறைக்காரன் செஞ்சா மட்டும் போலின்னு சொல்றீங்க. ரெண்டும் மனுஷன் வேணும்னே செஞ்சதுதானே?

காசுக்கிறுக்கி:
ஓரணா, டை அடிச்சதா கத்தி சீவுனதாங்கறதுதான் கேள்வி, மனசுல என்ன நினைச்சான்ங்கறது போலீஸ் வேலை. நம்ம ஆளுங்க லக்கின்னு சொல்ற காசையே எடுத்துக்கோங்க. முன்னாடி அடிச்ச காசு டைல ஒட்டிக்கிட்டு, அடுத்த பிளாங்க் (டிசைன் அடிக்காத வெறும் தகடு) மேல அதோட முகம் பள்ளமா, கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி விழும். நிஜ லக்கியில அந்தப் பள்ளம் மட்டும்தான் இருக்கும், அடுத்த பக்கம் பளிச்னு நார்மலா இருக்கும். வைஸ்ல ரெண்டு காசை வெச்சு இறுக்குனதுல பாருங்க, பழைய டிசைன் கீழே நசுங்கிக் கிடக்கும், அதுக்கு மேல பள்ளம், அடுத்த பக்கமும் தட்டையாகி இருக்கும்.

10 ரூபாய்லயும் இதே கூத்து. நடு வட்டத்தைத் தட்டி எடுத்து திருப்பிப் போட்டு லட்ச ரூபாய்ங்கறான். டை அடிக்கறப்போதான் நடுவும் வளையமும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும், பிரிச்சு சேத்தா லென்ஸ்ல இடுக்குல கீறல் தெரியும். நடுவே இல்லாத காசுன்னா ஓட்டையோட உள் சுவரைப் பாக்கணும். நடு இல்லாமலே அடி வாங்கியிருந்தா வளையத்தோட உலோகம் உள்பக்கமா பிதுங்கியிருக்கும், சுவர் வெட்டுன மாதிரி நேரா நின்னா அப்புறமா தட்டி எடுத்தது.

(நம்ம ஊர்ல அந்த 10 ரூபாயை ஒழுங்கா இருந்தாலே கடையில வாங்க மாட்டேங்கறாங்க, 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018லயே சொல்லியும்! அது வேற கதை.)

ஓரணா:
எடை போடறதே வேஸ்ட்டுன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. ஆசிட்ல ஊறப் போட்டு மெல்லிசாக்கி ராங் பிளாங்க்னு, அதாவது வேற காசோட தகட்டுல அடிச்சதுன்னு விக்கறவன் எடையிலதான் மாட்டுவான். இந்த மாதிரி கடைசல் வேலைக்கு மட்டும்தான் தராசு உதவாது.

கடைசல்மணி:
சத்தம் கேளுங்க சார். கிரானைட் மேல அதே மாதிரி நல்ல காசு ஒண்ணையும் இதையும் போட்டுப் பாருங்க, ஒரே கட்டியா இருக்கறது கணீர்னு கேக்கும், ரெண்டு துண்டு சேத்தது டொக்குனு விழும். தேய்மானத்தையும் பாருங்க, ஒரு சிங்கம் புதுசாவும் ஒரு சிங்கம் தேஞ்சும் இருந்தா ரெண்டும் ஒரே பாக்கெட்ல வளரல.

செல்லாக்காசு:
போட்டுப் பாத்தேன். சத்தம் கொஞ்சம் கம்மிதான், பழைய காசு அப்படித்தான் இருக்கும். லென்ஸ்ல பாத்தேன், ஒரு பக்கம் ரிம் ஓரமா மெல்லிசா ஒரு கோடு, அதுவும் அரை வட்டம்தான், முழுசா இல்ல. அது டை கிராக்.

காசுக்கிறுக்கி:
டை கிராக்னா டைல விழுந்த பிளவுக்குள்ள உலோகம் போகும், அதனால காசுல மேடாத்தான் நிக்கும். உங்களுது மேடா பள்ளமா? மீதி அரை வட்டம் அழுக்குக்கு அடியில இருக்கும், ஒரு ராத்திரி அசிட்டோன்ல போடுங்க, பசை போட்டிருந்தா விட்டுடும்.

செல்லாக்காசு:
அசிட்டோன்ல போட்டா டோனிங், அதான் நாள்பட காசு மேல ஏறுன நிறம், போயிடும், நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

காசுக்கிறுக்கி:
போகாது. பசை, எண்ணெய் மாதிரி சமாச்சாரத்தைத்தான் அது கரைக்கும், உலோகத்தை ஒண்ணும் பண்ணாது. மேடா பள்ளமான்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

ஓரணா:
ஒண்ணு மட்டும் கவனம், இதை லட்சத்துக்கு வாங்கிக்கறேன்னு யாராவது போன் பண்ணி முதல்ல கமிஷன் கட்டுங்கன்னா கட்டிடாதீங்க. வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுக்கு அந்தக் கூத்து நடந்துச்சு, ரிசர்வ் பேங்க் எங்க பேரைச் சொல்லி பணம் கேட்டா நம்பாதீங்கன்னு 2021லயே அறிக்கை விட்டுடுச்சு. மணி அண்ணே, நீங்களும் செஞ்சு தரேன்னு கிளம்பிடாதீங்க, காசை அழிக்கறது 2011 சட்டப்படி குத்தம்.

கடைசல்மணி:
எனக்கு பம்ப் ஷாஃப்ட் கடையவே நேரம் இல்லீங்க.

மாயவரத்தான்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். செல்லாக்காசு அண்ணே, எரரோ என்னவோ, என் பையன் ஸ்கூல் ஆண்டு விழாவுல மேஜிக் பண்றான், பூவா தலையா போட்டா எப்பவும் தலை விழற காசு வேணும்ங்கறான். 300 தரேன், கொடுப்பீங்களா?

செல்லாக்காசு:
1500க்கு கம்மி இல்ல.