பிரித்தானியாவை விட்டு வந்த பின்னரும் தேசியக் காப்புறுதிப் பணம் கட்டுவது பயனுள்ளதா?

கேள்வி: உப்புவெளிவாசி (ஜனவரி 2026)

அனைவருக்கும் வணக்கம். நான் 2007 இல் லண்டனுக்குச் சென்று, 2019 மார்ச் மாதத்தில் குடும்பத்துடன் திருகோணமலைக்குத் திரும்பியவன். முதல் மூன்று ஆண்டுகள் எனக்கு வேலை செய்யும் அனுமதி இருக்கவில்லை. 2010 ஏப்ரல் முதல் புறப்பட்ட கிழமை வரை ஒரு பெற்றோல் நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தேன். இப்போது உப்புவெளியில் நான்கு அறைகள் கொண்ட சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். வயது 54.

அரச ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் கழிக்கப்படும் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பின் பதிவை அண்மையில் இணையத்தில் பார்த்தபோது, எனக்குத் தகுதியான ஆண்டுகள் ஒன்பது என்றே காட்டியது. பத்து ஆண்டுகளுக்குக் குறைந்தால் அரச ஓய்வூதியம் சிறிதும் கிடையாது என்பதை அன்றுதான் அறிந்து மிகவும் மனம் சோர்ந்தேன். விடுபட்ட ஆண்டுகளை வெளிநாட்டில் இருந்தபடியே கட்டி நிரப்பலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இலங்கையில் இருப்பவர்களுக்கு அந்த ஓய்வூதியம் ஒருபோதும் உயராது, அதற்குப் பணம் கட்டுவது வீண் என்று இன்னொருவர் சொல்கிறார். எங்கள் கரையில் பயணிகள் வருவது ஏப்ரல் தொடக்கம் செப்ரெம்பர் வரைதான் என்பதால், மாரி காலமான இப்போது கையில் பணம் குறைவு. அந்தப் பணத்தை மகனின் பெயரில் நிலையான வைப்பில் போடுவதே நல்லது என்பது மனைவியின் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில் 1: கணக்காளர், ஹரோ, லண்டன்

தம்பி, உங்கள் நிலையில் முதலாவது ஆண்டுக்கான பணத்தைக் கட்டுவதா என்பது கேள்வியே அல்ல. முழுத் தொகைக்கு 35 ஆண்டுகள் வேண்டும்; ஒன்பது ஆண்டுகளுக்கு எதுவும் இல்லை, பத்து ஆண்டுகளுக்கு முழுத் தொகையில் 35 இல் 10 பங்கு கிடைக்கும். 2025-26 வரியாண்டில் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) முழு ஓய்வூதியம் கிழமைக்கு 230.25 பவுண். ஆகவே அந்த ஓர் ஆண்டைச் சேர்ப்பதால் மட்டும் கிழமைக்கு ஏறத்தாழ 66 பவுண் பெறும் உரிமை உங்களுக்கு உண்டாகிறது. அதன் பின்னர் சேர்க்கும் ஒவ்வோர் ஆண்டும் கிழமைக்கு 6.58 பவுணை, அதாவது வருடத்துக்கு ஏறத்தாழ 342 பவுணைக் கூட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டக்கூடிய பங்களிப்பு இரண்டு வகைப்படும். 2025-26 இல் இரண்டாம் வகுப்புக்குக் கிழமைக்கு 3.50 பவுண், மூன்றாம் வகுப்புக்கு 17.75 பவுண். பயன் இரண்டுக்கும் ஒன்றே. புறப்படும் வரை பிரித்தானியாவில் வேலை செய்து, அங்கு மூன்று ஆண்டுகளாவது வாழ்ந்தோ பங்களித்தோ இருந்து, இப்போது வெளிநாட்டிலும் தொழில் செய்பவருக்கே இரண்டாம் வகுப்பு உரியது. நீங்கள் விடுதி நடத்துவதால் அந்த வகைக்குள் வருகிறீர்கள். வருடம் முழுவதற்கும் 182 பவுண்தான் செலவாகும். மூன்றாம் வகுப்பென்றால் 923 பவுண்.

ஆனால் காலம் உங்களுக்காகக் காத்திருக்காது. பொதுவாகக் கடந்த ஆறு வரியாண்டுகளையே நிரப்ப முடியும் என்பதால், 2019-20 ஆம் ஆண்டுக்குரிய வாய்ப்பு 2026 ஏப்ரல் 5 ஆம் திகதியுடன் மறைந்துவிடும். அது மட்டுமல்ல, 2025 நவம்பரின் பிரித்தானிய வரவுசெலவுத் திட்டத்தின்படி, 2026 ஏப்ரல் 6 முதலான காலத்துக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் இரண்டாம் வகுப்பில் கட்டவே முடியாது. மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேருவதற்கும் பத்து ஆண்டு வசிப்போ பங்களிப்போ தேவைப்படும். நீங்கள் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருப்பதால் அந்தத் தடை உங்களைப் பாதிக்காது.

வெளிநாட்டிலிருந்து கட்டுவதற்கு விண்ணப்பிக்கும் சீ.எஃப். 83 என்ற படிவத்தை இணையத்திலேயே நிரப்பி இந்தக் கிழமையே அனுப்புங்கள். பதில் வர மாதக்கணக்காகலாம். 2019-20 முதல் நடப்பு ஆண்டு வரையான ஏழு ஆண்டுகளையும் இரண்டாம் வகுப்பில் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 1,274 பவுண். பதினாறு ஆண்டுகள் சேர்ந்துவிடும். இன்றைய வீதத்தில் கிழமைக்கு 105 பவுண். பணம் குறைவென்றால் முதலில் 2019-20 ஐ மட்டும் கட்டிவிட்டு, மற்ற ஆண்டுகளைப் பருவம் தொடங்கிய பின்னர் பாருங்கள்; அவற்றின் காலக்கெடு பின்னால்தான் வருகிறது. இங்குள்ள உறவினர் ஒருவரைக் கொண்டும் உங்கள் பெயரில் கட்டுவிக்கலாம்.

பதில் 2: ஓய்வுபெற்றவர், திருகோணமலை நகரம்

ஓய்வூதியம் உயராமல் உறைந்துபோவது பற்றி என் நிலையைச் சொல்கிறேன். 1980 முதல் 2017 வரை பிரித்தானியாவில் வேலை செய்துவிட்டு, ஓய்வூதியம் தொடங்கிய அந்த வருடமே ஊருக்கு வந்தேன். அப்போது முழு ஓய்வூதியம் கிழமைக்கு 159.55 பவுண். ஒன்பதாவது ஆண்டாக இன்றும் எனக்கு அதே 159.55 தான் வருகிறது. என்னோடு ஒரே மாதத்தில் ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்ட நண்பருக்கு 230.25 கிடைக்கிறது. இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே இதற்கான உடன்படிக்கை இல்லாததே காரணம். ஒரே அளவு பணம் கட்டிய இருவரில் ஒருவரை மட்டும் இப்படி வஞ்சிப்பது அநீதி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். வழக்குத் தொடுத்துப் பார்த்தவர்களுக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2010 இல் கைகொடுக்கவில்லை.

எனினும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு, தம்பி. உறைவது ஓய்வூதியத்தைப் பெறத் தொடங்கிய பின்னர்தான். உங்களுக்கு 67 வயதாகும் 2038 வரை வீதம் எவ்வளவு உயர்கிறதோ அதன் பயன் உங்களுக்கும் சேரும். மேலும், தொகை பவுணில் உறைந்தாலும் நாம் செலவழிப்பது ரூபாயில். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபோது, ஏறத்தாழ 200 ஆக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐ எட்டியது. நிலையான வைப்பை நம்பியிருந்த என் அயலவர்கள் அந்த மாதங்களில் பட்ட பாட்டை நான் கண்டேன். மாறாத அந்தப் பவுண்தான் அப்போது என் வீட்டு அடுப்பை எரிய வைத்தது.

விலாசத்தை மாத்திரம் சரியாக வைத்திருங்கள். உயிர்வாழ்ச் சான்றிதழ் கேட்டு வந்த கடிதம் ஒருமுறை பழைய விலாசத்துக்குப் போனதால் என் கொடுப்பனவு நிறுத்தப்பட்டு, மீண்டும் வர ஐந்து மாதங்களாகின.

பதில் 3: முன்னாள் தாதி, நிலாவெளி

அண்ணா, மற்றவர்கள் சொன்னதை மறுக்கவில்லை, ஆனாலும் உங்கள் மனைவியின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது. 67 க்கு முன்னர் உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் மகனுக்கு அதில் ஒன்றும் சேராது. வைப்பில் உள்ள பணம் சேரும். என் கணவர் 61 வயதில் காலமானபோது அவர் கட்டிய ஆண்டுகள் அவரோடு போயின. 182 பவுண் வீதம் கட்டுவதில் இழப்பு சிறிது, ஆகையால் அதைக் கட்டுங்கள். ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு மூன்றாம் வகுப்பில் தொடர்வதா என்பதை உங்கள் உடல்நிலையையும் குடும்ப வரலாற்றையும் வைத்து இருவரும் பேசி முடிவெடுங்கள்.

இதை வாசிக்கும் பிறருக்கு: 2016 க்கு முன்னர் என்னைப் போல் அரச மருத்துவமனையில் தனி ஓய்வூதியத் திட்டத்துடன் வேலை செய்தவர்களுக்குக் கணக்கு வேறுபடும். எந்த ஆண்டு உண்மையில் தொகையைக் கூட்டும் என்பதைக் கேட்டு அறியாமல் கட்டாதீர்கள். அந்தக் கணிப்பு இலவசம். தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

உப்புவெளிவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மனைவியுடன் இருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். படிவத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன். 2019-20 க்கான பணத்தை லண்டனில் உள்ள தங்கை கட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். மற்ற ஆறு ஆண்டுகளையும் வெசாக் விடுமுறைக் கூட்டம் வந்த பின்னர் கட்டுவோம். மூன்றாம் வகுப்பைப் பற்றி நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.