பதிவில் 7 நிமிடம், படுக்கையருகே 12

ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு அழைப்புகள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

முதலாவது ஒரு நள்ளிரவில் வந்தது. ஒருவர் மூச்சில்லாமல் கிடக்கிறார் என்று தகவல். சாலை காலியாக இருந்ததால் 7 நிமிடத்தில் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலுக்குப் போய்விட்டோம். ஓட்டுநர் 'வந்தாயிற்று' என்று பட்டனை அழுத்தினார். கணக்குப்படி கடிகாரம் அங்கேயே நின்றுவிடும். எங்கள் இலக்கு 8 நிமிடம். ஆனால் வெளிக்கதவு பூட்டியிருந்தது, சாவி வரக் காத்திருந்தோம். லிஃப்ட் மேல்மாடியில் இருந்தது. இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் டீஃபிபிரிலேட்டரைத் தூக்கிக்கொண்டு படியேறி, அவர் பக்கத்தில் நான் முட்டி போட்டபோது 12 நிமிடம் கடந்துவிட்டது. அதுவரை யாரும் அவர் நெஞ்சில் கை வைக்கவில்லை. பயம்தான், வேறென்ன? குடும்பமே சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

மாதக் கூட்டத்தில் அந்த அழைப்பு 'இலக்குக்குள்' என்ற பட்டியலில் இருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த 8 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் செய்த ஓர் ஆய்வு வெளியானது. இதயம் நின்றுபோனவருக்கு 4 நிமிடத்துக்குள் சி.பி.ஆர். (நெஞ்சை விடாமல் அழுத்தும் முதலுதவி), 8 நிமிடத்துக்குள் ஷாக் முதலான மேல்சிகிச்சை, இரண்டும் கிடைத்தால் பிழைப்பவர்கள் அதிகம் என்று அது காட்டியது. 8 எல்லோர் வாயிலும் நிலைத்தது, 4 மறந்துபோனது. சி.பி.ஆர்., ஷாக் இரண்டும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்பார்கள். அந்த 4 நிமிடத்துக்குள் எங்கள் வண்டி வருவது அபூர்வம். அப்போது பக்கத்தில் இருப்பவரின் கைதான் உதவும்.

சராசரியும் அப்படித்தான், ஏமாற்றும். இங்கிலாந்தில் உயிர் போகும் ஆபத்துள்ள அழைப்புகளுக்குச் சராசரி 7 நிமிடம் என்பதோடு, பத்தில் ஒன்பது பேருக்கு 15 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றும் இலக்கு வைத்திருக்கிறார்கள். கடைக்கோடியில் காத்திருப்பவரையும் கணக்கில் கொண்டுவர முயல்வதால் எனக்கு அது சரியாகப் படுகிறது.

இரண்டாவது அழைப்பு, கொட்டும் மழையில். 11 நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் விழுந்தவரின் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் எண்ண எண்ண, நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து வைக்கப் பக்கத்து வீட்டுப் பையனையும் கீழே அனுப்பியிருந்தார். இரண்டாவது ஷாக்கில் நாடி வந்தது. சில வாரம் கழித்து அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

தாமதத்துக்குக் காரணம் கேட்டுப் படிவம் வந்தது. மழை என்று எழுதினேன். அந்தப் பெண் செய்ததை எழுத அதில் கட்டமே இல்லை; ஓரத்தில் எழுதி வைத்தேன். அன்றிலிருந்து நோயாளியைத் தொட்ட நேரத்தையும் என் குறிப்பேட்டில் தனியாக எழுதுகிறேன்.