கேஈ70 ட்ரிஃப்ட்: பின் டயருக்குக் காற்று 50ஆ, 20ஆ?

கல்லடித் தம்பி கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய கொரோலா கேஈ70. எஞ்சின் அதே 4கே தான், மாற்றவில்லை. பின் சில்லு இரண்டும் ஒன்றாகச் சுற்ற டிஃபரென்ஷல் வெல்ட் பண்ணியாயிற்று. நாலு சில்லுக்கும் 175/70 ஆர்13. முன்னுக்குப் புதுசு, பின்னுக்குப் பழசு.

ட்ரிஃப்ட், அதாவது பின் சில்லை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டில் ஓட்டுவதை, றோட்டில் செய்வதில்லை. சம்மாந்துறைப் பக்கம் தெரிந்த ஒருவரின் நெல் ஆலையில், நெல் காயப்போடுகிற சீமெந்துக் களம் இருக்கிறது. வேளாண்மை வெட்டு இல்லாத காலத்தில் அவரிடம் கேட்டுக்கொண்டு போய் ஓட்டுகிறோம்.

குழப்பம் காற்றில்தான். ஒரு கூட்டாளி பின் டயருக்கு 50 பிஎஸ்ஐ காற்று அடிக்கச் சொல்கிறான். அடித்தால் வால், அதாவது காரின் பின்பக்கம், உடனே வெளியே வருகிறது, ஆனால் பிடிப்பதற்குள் கார் முழுசாகச் சுற்றிவிடுகிறது. டயரும் நடுவில் மட்டும் மொட்டை. இன்னொருவன் வீடியோ பார்த்துவிட்டு 20க்கு இறக்கு என்கிறான். இறக்கினால் வழுக்கவே மாட்டேன் என்கிறது, எஞ்சின் அமுங்கிப் போகிறது. எதைக் கேட்பது?

கல்முனை சில்லுக்கடை

தம்பி, இரண்டு பேரும் சொல்வது இரண்டு வேறு காருக்கு. உன்னுடைய காருக்கு இரண்டும் பொருந்தாது.

4கே என்பது 1290 சிசி. நல்ல நிலையில் இருந்தாலும் 75 குதிரைவலுவைத் தாண்டாது. அந்த வலுவால் பின் சில்லைத் தரையிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டும், பிறகு வழுக்கலை விடாமல் வைத்திருக்கவும் வேண்டும். அதனால்தான் சின்ன எஞ்சின்காரர் பின்னுக்குக் காற்றைக் கூட்டுகிறார்கள். காற்று கூடினால் டயர் நடுவில் புடைக்கும், தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், பிடி குறையும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் பிடி படிப்படியாக விடாது, ஒரேயடியாக விட்டுவிடும். நீ ஸ்டியரிங்கைத் திருப்பி முடிப்பதற்குள் கார் சுற்றிவிடுகிறது என்றாயே, அது இதுதான். நடு மொட்டையானதும் அதே கதைதான்.

முதலில் டயரின் பக்கத்தைக் குனிந்து பார். அதிகபட்சக் காற்று எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். கார் டயர்களில் பெரும்பாலும் 300 கேபிஏ, அதாவது 44 பிஎஸ்ஐ என்று இருக்கும். அது டயர் ஆறியிருக்கும்போது அடிக்கக்கூடிய உச்சம். ஓட ஓட இன்னும் ஏறும். உள்ளே இருக்கும் காற்று 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடானால், 36 அடித்தது ஏறத்தாழ 46 காட்டும். 50 அடித்தது 60ஐத் தாண்டும். பழைய டயரில் அதைச் செய்யாதே. உன் பின் டயர் எந்த வருடம் என்று பார்த்தாயா? டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பட்டன் (தரையைத் தொடுகிற ரப்பர்க் கட்டைகள்) எவ்வளவு மீதி இருந்தாலும், பக்கத்தில் மயிர்வெடிப்பு இருந்தால் அதை ட்ரிஃப்டுக்குப் போடாதே. பழைய டயரில் புது மேல் ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரும் வேண்டாம். சூட்டில் மேல் ரப்பர் உரிந்து பறந்தால், முதலில் நசுங்குவது உன் மட்கார்ட், அடுத்தது பக்கத்தில் நிற்கிறவன்.

இப்போது நம்பர். முன்னுக்கு 32 வைத்து, அதை அசைக்காதே. முன் சில்லுக்குப் பிடி வேண்டும், அதுதான் காரை நீ நினைத்த பக்கம் கொண்டுபோகிறது. பின்னுக்கு 36இல் தொடங்கு. கொஞ்சம் ஓட்டிப் பார், வால் வர மறுத்தால் இரண்டு இரண்டாகக் கூட்டு. அக்சிலேட்டரால் வழுக்கலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற இடம் வந்ததும் நிறுத்து. தேய்ந்த சீமெந்துக் களம் தாரை விட வழுக்கும், ஆகவே உனக்கு 40க்கு மேல் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

சோக்கட்டி ஒன்று எடுத்துக்கொண்டு போ. பட்டன் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை நாலு டயரிலும் ஒரு கோடு இழு. ஓட்டிவிட்டு வந்து பார். பக்கச்சுவர்ப் பக்கமும் கோடு அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. ஓரத்தில் கோடு அப்படியே இருந்து நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூட. சோக்கு பொய் சொல்லாது, காற்றை அளக்கிற கேஜ் சொல்லும். பெற்றோல் நிலையத்துக் கேஜும் கடைக் கேஜும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, அதனால் சொந்தமாக ஒன்று வாங்கி எப்போதும் அதையே பிடி.

இன்னொன்று, நம்ம பக்கம் உப்புக்காற்று. இரும்பு றிம்மில் டயர் உட்காருகிற விளிம்பு துருப்பிடித்துச் செதில் செதிலாக நிற்கும். கடைக்கு வருகிற பழைய றிம்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். அந்த றிம்மில் 20 வைத்துப் பக்கவாட்டில் வழுக்கினால் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பெயின்ட் அடித்த பிறகு மாட்டு.

அக்கரைப்பற்றான், இப்போது தோஹாவில்

சில்லுக்கடைக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. அந்த 20 எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன். இங்கே நான் வேலை செய்கிற கராஜுக்கு நிசான் 350இசட் நிறைய வருகிறது. ஆரம்ப மாடலே 287 குதிரைவலு. அதற்குச் சில்லைச் சுற்றவிடுவது பிரச்சினையே இல்லை, சுற்றுகிற சில்லு காரை முன்னுக்குத் தள்ள வேண்டும் என்பதுதான் பிரச்சினை. அதனால் பின்னுக்குக் காற்றைக் குறைத்துப் பிடியைக் கூட்டுகிறார்கள். டர்போ போட்டு 500, 600 என்று போனவர்கள் 20க்கும் கீழே இறக்குவார்கள், அதற்கேற்ற அகலமான, பக்கச்சுவர் தடித்த டயர் போட்டிருப்பார்கள். வீடியோவில் நம்பரை மட்டும் எடுத்து 4கேயில் போட்டால் எஞ்சின் அமுங்கத்தான் செய்யும்.

நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதுவும் சூட்டில் ஏறத்தான் செய்யும். ஈரம் இல்லாத வாயு என்பதால் ஏற்றம் சீராக இருக்கும், அவ்வளவுதான். கடையில் கம்ப்ரஸர் தாங்கியின் தண்ணீரைத் திறந்துவிட்டு அடிக்கச் சொன்னால் போதும்.

ஆலை வீட்டுப் பிள்ளை, சம்மாந்துறை

எங்களுக்கும் ஆலை இருக்கிறது. களத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்தச் சீமெந்தில்தான் அடுத்த போகம் நெல் காயும். ரப்பர் துணுக்கும் டிஃப் எண்ணெயும் நெல்லோடு கலந்தால் அது சாப்பாட்டில் போய் முடியும். ஓட்டி முடித்ததும் துணுக்கைக் கூட்டி அள்ளுங்கள், எண்ணெய் ஒழுக்கு இருந்தால் களத்தில் ஏற்றவே வேண்டாம். ஆலைக்காரர் முகத்துக்காக ஓம் என்றிருப்பார், அவராக இதைச் சொல்ல மாட்டார்.

களத்தில் பலகை பலகையாகப் போட்ட மூட்டுகள் இருக்கும். சில இடத்தில் ஒரு பலகை மேலே எழும்பி விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் அதில் மோதினால் பக்கச்சுவர் கிழியும். நடந்து பார்த்து, அந்த இடங்களில் கோன் வையுங்கள்.

கல்லடித் தம்பி

மூன்று பேருக்கும் நன்றி. பின் டயரைப் பார்த்தேன், கடைசி இரண்டு இலக்கம் 11. அதைக் கழற்றிப் போடப் போகிறேன். களத்தைக் கூட்டுகிற வேலையும் இனி எங்களுடையது. ஒரே ஒரு கேள்வி: மாரியில் களம் ஈரமாக இருந்தால் பின்னுக்கும் 36தானா?

கல்முனை சில்லுக்கடை

ஈரத்தில் பின்னுக்கும் 32 போதும், தண்ணீரே வழுக்கவைக்கும். டயரும் சூடாகாது. கற்றுக்கொள்ள அதுதான் நல்ல காலம். காய்ந்த களத்தில் ஓட்டும் நாளில் சூட்டில் ஏறிய காற்றைச் சூட்டோடு இறக்கியிருந்தால், டயர் ஆறிய பிறகு மறுபடி சரியாக அடித்துவிட்டு கல்லடிக்குக் கிளம்பு. பழைய டயரைக் கழற்ற வருகிறபோது றிம்மையும் கொண்டு வா, விளிம்பைப் பார்த்துச் சொல்கிறேன்.