சோலார் பவர் பேங்க் வெயிலில் நிரம்பவே மாட்டேன் என்கிறது

பறவைநோக்கி:
பறவை பார்க்கக் காட்டோரம் கூடாரம் போட்டுத் தங்குவது வழக்கம். நான்கைந்து நாள் கரண்ட் இருக்காது. செல்போன், தலையில் மாட்டும் டார்ச், சின்ன ஒலிப்பதிவுக் கருவி, இவ்வளவுதான் சார்ஜ் ஏற்ற வேண்டும். முதுகில் சோலார் பேனல் ஒட்டிய 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இருக்கிறது. காலை முதல் சாயங்காலம் வரை வெயிலில் வைத்தாலும் அதிலுள்ள நான்கு விளக்குகளில் ஒன்றுகூடக் கூடுவதில்லை. தொட்டால் சுடுகிறது. பழுதா? மடக்கும் பேனல் வாங்கினால் தேறுமா?

வெயில்காரன்:
பழுதாக இருக்காது, பேனல் சின்னது, அவ்வளவுதான். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. பேனலில் இருக்கும் சிலிக்கான் செல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். உங்கள் பேனல் 15 செ.மீ.க்கு 8 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் எல்லாம் கூடிவந்தாலும் இரண்டரை வாட் வராது. தரையில் படுக்கப் போட்டு, சூடும் ஏறிவிட்டால் ஒன்று, ஒன்றரை வாட்தான். 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் ஹவர், அதாவது ஒரு வாட் வீதம் 74 மணி நேரம் ஏற்ற வேண்டிய அளவு. ஒன்றரை வாட்டில் கணக்குப் போட்டால் 50 மணி நேர நேர் வெயில், வீணாவது தனி. ஒரு நாளில் உருப்படியான வெயில் ஐந்து மணி நேரம் என்றால் பத்து நாளைக்கு மேல் ஆகும். பெட்டியில் இந்தக் கணக்கை யாரும் அச்சடிப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதைவிட முக்கியம் அந்தச் சூடு. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் வைத்து சார்ஜ் ஏற்றக் கூடாது. கறுப்புப் பேனலுக்கு அடியிலேயே பேட்டரி இருந்தால் அந்த அளவை வெயிலில் சீக்கிரமே தாண்டிவிடும், ஆயுளும் குறையும். பேனல் வெயிலில், பேட்டரி நிழலில். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பதில் இரண்டும் ஒட்டியே இருப்பதால் தயவுசெய்து இனி அதை வெயிலில் வைக்க வேண்டாம்.

மடக்கும் பேனல் தேறும். ஆனால் 20 வாட் என்று போட்டிருந்தால் அது செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. வெயிலில் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தொடும், 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் வரும் மின்சாரம் 0.4 சதவீதம் போலக் குறையும். கையில் 12 முதல் 15 வாட் வந்தால் அது நல்ல பேனல்.

கூடாரவாசி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: போனை நேராகப் பேனலில் செருகாதீர்கள். மேகம் வந்ததும் வோல்டேஜ் விழும். சில போன்கள் சார்ஜருக்குச் சக்தி போதவில்லை என்று நினைத்து இழுக்கும் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். மேகம் விலகினாலும் பழையபடி ஏறாது, கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். பகலில் பவர் பேங்கை நிரப்பி, இரவில் அதிலிருந்து போனுக்கு ஏற்றுங்கள். இடையில் கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை.

பறவைநோக்கி:
இருவருக்கும் நன்றி. நடக்கும்போது முதுகுப் பையில் பேனலைத் தொங்கவிட்டால் நேரம் மிச்சமாகுமே, சரிவருமா?

வெயில்காரன்:
பெரிதாகக் கிடைக்காது. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒரு செல்லில் பை வாரின் நிழல் விழுந்தாலே வரிசை முழுவதும் கரண்ட் சரியும். மரத்தடிப் பாதையில் கேட்கவே வேண்டாம். தங்கும் இடத்தில் விரித்துச் சூரியனைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். கோணம் பிடிக்க ஒரு பென்சில் போதும். பேனலின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், நிழல் ஒரு பக்கம் நீளும். அந்த நிழல் சுருங்கிப் பென்சிலின் அடியிலேயே ஒடுங்கும்வரை பேனலைச் சாய்த்தால் வெயில் நேராக விழுகிறது என்று அர்த்தம். மணிக்கொரு முறை திருப்பிவிடுங்கள். வயரை நீட்டி, பவர் பேங்கைப் பேனலுக்குப் பின்பக்க நிழலில் வையுங்கள்.

அப்புறம், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து நாளுக்குத்தான் என்றால் உங்களுக்குப் பேனலே தேவைப்படாமல் போகலாம். 5000 எம்ஏஎச் போனுக்கு ஒரு முறை முழுசாக ஏற்ற 19 வாட் ஹவர் வேண்டும். உங்கள் பவர் பேங்கை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போனால், வீணாவது போக இரண்டரை முறை ஏற்றலாம். சிக்னல் இல்லாத இடத்தில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், சிக்னல் தேடியே பேட்டரி கரைவது நிற்கும். ஒலிப்பதிவுக் கருவி இரவு முழுக்க ஓடுமா? ஓடும் என்றால் மட்டும் பேனல் வாங்குங்கள்.