புதுப்பிப்பு: மங்கிக் கேட்ட பொப் பேட்டிக் கசெற் தெளிவாகிவிட்டது

பொப் பாடகர் ஒருவர் தன் பாட்டுகளை நேரடியாகப் பாடிப் பேட்டியும் கொடுத்த வானொலி நிகழ்ச்சி. வெள்ளவத்தை வீட்டில் ரேடியோவுக்கு முன் மைக்கை வைத்து அப்பா பதிந்த 60 நிமிடக் கசெற். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதே என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மிக்க நன்றி.

பிளேயரில் நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பழுப்பாக அழுக்கு வந்தது, ஒலி மாறவில்லை. 'ஹெட்டின் சாய்வைத் திருத்துங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில், அடியில் ஸ்பிரிங் உள்ள திருகாணியை, பாட்டை ஓடவிட்டபடியே மெல்லத் திருப்பினேன். கால் சுற்றுக்கூட இல்லை. 'ச', 'ஸ' எல்லாம் பளிச்சென்று வந்தன. கிற்றார் கம்பியில் விரல் உரசுவதும் கேட்டது! திருப்பும் முன் பழைய நிலையைப் பேனாவால் குறித்து வையுங்கள், மற்றக் கசெற்றுகளுக்கு அது வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று. 30ஆவது நிமிடத்தோடு பேட்டி அறுந்தது என்றே இவ்வளவு நாளும் நினைத்தோம். மறுபக்கத்தில், அப்பாவின் இருமலோடு, அது தொடர்கிறது. பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டின் தாளத்தில் தமிழ்ச் சொற்களை எப்படி உட்கார வைத்தார் என்று பாடகர் மேசையில் தட்டியே காட்டுகிறார். அந்த இடத்தை அம்மா மூன்று தரம் போடச் சொன்னார்.

சரி, இது எந்த ஆண்டுப் பதிவு என்று கேட்டவருக்கு: அறிவிப்பாளர் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்கிறார். இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறியது 1967இல். ஆகவே அதற்கு முந்தியது அல்ல.