பென்டிரைவில் சிரிக்கும் முகத்தோடு ஒரு ஃபைல், அழிய மாட்டேன் என்கிறது. அவசர உதவி!

செல்வி, பானஸ்வாடி: அக்கா மகனுடைய பென்டிரைவில் திடீரென்று படிக்கவே முடியாத பெயர்களில் ஃபைல்கள். ஒன்றின் பெயரில் சிரிக்கும் முகம், தேதி 2098! அழித்தால் போவதில்லை. பையன் இன்டர்நெட்டில் சுற்றும் ஸ்மைல்.ஜேபிஜி என்ற பேய்க் கதையைப் படித்துவிட்டு, அந்த நாய்ப் படம்தான் இது என்று தூங்க மறுக்கிறான். எங்கள் அப்பாவின் கடைசிப் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. என்ன செய்வது?

முரளி: எத்தனை ஜிபி பென்டிரைவ்? ஃபைல் சைஸ் என்ன? போட்டோ ஃபோல்டர் தெரிகிறதா?

சிவா, ஜெயநகர்: ஷார்ட்கட் வைரஸ்தான், சந்தேகமே வேண்டாம். ஃபார்மட் அடித்துவிடுங்கள்.

முரளி: ஐயோ, ஃபார்மட் வேண்டாம்! போட்டோ வேண்டும் என்கிறார்களே.

நாராயணன்: விவரம் தராமல் கேட்டால் இப்படித்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஃபேட்32, அதாவது பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டு வந்திருக்கலாம்.

செல்வி: 8 ஜிபி. அந்த ஃபைல்களைக் கூட்டினால் 20 ஜிபிக்கு மேல் வருகிறது. போட்டோ ஃபோல்டர் காணோம்.

முரளி: அப்படியென்றால் அவை ஃபைல்களே இல்லை, அக்கா. பெயர், தேதி, சைஸ் எழுதியிருக்கும் பட்டியல் கெட்டுவிட்டது. காப்பி ஆகும்போதே பிடுங்கினால் இப்படி ஆகும். கண்ட எண்களையும் விண்டோஸ் பெயராகவும் தேதியாகவும் படிக்கிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸின் எழுத்து வரிசையில் 1, 2 என்ற எண்கள் இரண்டுக்குமே சிரிக்கும் முகங்கள். ஃபேட்டில் ஆண்டுக் கணக்கு 1980இல் தொடங்கி 2107 வரை போகும், அதனால்தான் 2098. எதையும் அழிக்காதீர்கள், டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸின் செக்டிஸ்க்கும் இப்போது வேண்டாம். முழு பென்டிரைவையும் அப்படியே ஒரே ஃபைலாக (டிஸ்க் இமேஜ்) நகல் எடுத்துவிட்டு, அதன்மேல் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். அது பட்டியலைப் பார்க்காமல் படங்களைத் தேடும்.

சிவா: எல்லாவற்றையும் கதை என்று தள்ளாதீர்கள். கரடி பொம்மை ஐகானோடு 2001இல் ஒரு வைரஸ் வந்ததே?

நாராயணன்: வைரஸே இல்லை. அந்தக் கரடி ஐகான் ஃபைல், ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ, பழைய விண்டோஸோடு வந்த ஜாவா டீபக்கர் (புரோகிராமில் பிழை தேடும் கருவி) ஃபைல். அதை அழிக்கச் சொல்லி மெயில் சுற்றியது 2002இல். நீங்கள் சொல்லும் 2001இல் சுற்றியது எஸ்யூஎல்எஃப்என்பிகே.இஎக்ஸ்இ என்ற இன்னொரு விண்டோஸ் ஃபைலைப் பற்றிய மெயில். இரண்டிலும் மக்கள் நல்ல ஃபைலைத்தான் அழித்தார்கள்.

சிவா: எங்கள் அலுவலகத்தில் அழித்த பிறகுதான் கம்ப்யூட்டர் சரியானது.

நாராயணன்: அது தற்செயல்.

கீதா: ஸ்மைல்.ஜேபிஜி கதையிலும் அந்த நாய் கனவில் வந்து பிறருக்குக் காட்டச் சொல்லும். 'இதை 21 பேருக்கு எழுதாவிட்டால் கெடுதல்' என்று நம் ஊரில் வந்த சாமி கடிதாசி மாதிரியேதான். பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் செல்வி.

செல்வி: போட்டோரெக்கில் பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன. நன்றி முரளி தம்பி. சிலது பாதிதான் திறக்கிறது.

முரளி: நல்லது அக்கா. இரண்டு இடத்தில் காப்பி வையுங்கள். அந்த பென்டிரைவை இனி நம்ப வேண்டாம்.