வன்னி வெயிலுக்கு எந்தப் பழைய பிலிம் கமரா: சோர்கி-4 ஆ, கனோனெட் ஆ?

மாங்குளம்35: பழைய ரேஞ்ச்ஃபைண்டர் (ரெண்டு உருவத்தை ஒண்டாச் சேர்த்துத் தூரம் பிடிக்கிற கமரா) வாங்கிறதெண்டால் சோர்கி-4 தான். பற்றரியே தேவையில்லை, லென்ஸ் கழற்றி மாத்தலாம், ஷட்டர் வேகம் 1/1000 செக்கன் வரை. கனோனெட் கியூஎல்17 ஜி-3, 1/500 ஓட நிண்டிடும். முல்லைத்தீவுக் கடற்கரையில உச்சி வெயிலுக்கு வெளிச்சத்தைக் கூடப் பிடிக்கிற ஐஎஸ்ஓ 400 பிலிம் போட்டால், லென்ஸ் துவாரத்தை எஃப்/16 க்கு மேல மூட வழியில்லை.

வெளிச்சம்பாக்கி: 100 பிலிமைப் போடுங்கோ, எஃப்/16, 1/125, விசயம் முடிஞ்சுது. சோர்கியின்ர 1/1000 குமிழில எழுதியிருக்கிறதோட சரி; களைச்ச ஸ்பிரிங் அந்த வேகத்தைத் தராது. அதைவிடப் பெரிய பிரச்சினை அதின்ர ஷட்டர் துணித்திரை. எஸ்எல்ஆர் (லென்ஸுக்குள்ளாலயே பார்க்கிற கமரா) மாதிரி நடுவில கண்ணாடி இல்லை, லென்ஸ் நேராத் திரையைப் பார்க்குது. லென்ஸை எஃப்/2 இல அகலத் திறந்தபடி சூரியனுக்குக் காட்டினால், பூதக்கண்ணாடியால கடதாசி எரிச்ச மாதிரி ஓட்டை. பிறகு படத்துக்குப் படம் ஒரே இடத்தில வெள்ளைப் புள்ளி.

மாங்குளம்35: லென்ஸ் மூடி எண்டு ஒண்டு இருக்கு.

வெளிச்சம்பாக்கி: வியூஃபைண்டர் லென்ஸுக்குள்ளால பார்க்கிறதில்லையே. மூடியோட 36 படமும் அடிச்சு முடிக்கலாம், கழுவேக்கதான் தெரியும்.

மாங்குளம்35: அப்ப சோர்கியின்ர யூப்பிட்டர்-8 லென்ஸை எஃப்/22 க்கு மூடி, ஆகக் கிட்டத் தூரத்துக்குத் திருப்பிக் கழுத்தில போடுங்கோ. ஓட்டை விழுந்தாலும் திருத்தலாம். லென்ஸையும் பின்மூடியையும் கழற்றி, இருட்டில டோர்ச் அடிச்சால் தெரியும். திரை ரெண்டு, அதால பிலிம் சுத்துற குமிழைச் சுத்த முன்னும் சுத்தின பிறகும் பாருங்கோ. இளகும் தன்மையுள்ள கறுப்புத் துணிப் பெயின்ற், ஊசிமுனையளவு. தடிப்பாப் பூசினால் திரை இழுபட்டு, படத்தில ஒரு பக்கம் வெளிச்சம் மாறும். கனோனெட்டுக்கு என்ன வைத்தியம்? வெக்கையில கிறீஸ் இளகி ஷட்டர் இதழ் ஒட்டும். 1.35 வோல்ற் மெர்குரி பற்றரியும் இல்லை, 1.5 போட்டால் மீற்றர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டிப் படம் இருளும்.

வெளிச்சம்பாக்கி: காது மெசினுக்குப் போடுற 675 பற்றரி, 1.4 வோல்ற், சுத்திவர ஒரு ரப்பர் வளையம். தானாக வெளிச்சம் பிடிக்கிற ‘ஏ’ யில இருந்து எடுத்தால் பற்றரி இல்லாமலே ஷட்டர் வேலை செய்யும். இதழைப் பார்க்க: பிலிம் போடாமல், பின்பக்கம் திறந்து, 1/4 இல பத்துத்தரம் அடியுங்கோ. ஒருதரம் தயங்கினாலும் வாங்காதேங்கோ.

குளக்கட்டு: சோர்கி வாங்கிறவைக்கு ஒண்டு. பிலிம் சுத்துற குமிழைச் சுத்தின பிறகுதான் வேகத்தை மாத்த வேணும், முந்தி மாத்தினால் உள்ளுக்கு முறியும். எந்தக் கமராவெண்டாலும் பிலிம் ஓடுற தண்டவாளத்தில மங்கலான செலோரேப்பை இறுக்கி ஒட்டி, ‘பி’ யில (பொத்தானை அமத்திப் பிடிக்கிற வரை திறந்திருக்கும்) ஷட்டரைத் திறந்து வச்சு, தூரத்து ரெலிபோன் ரவரைப் பாருங்கோ. ரேப்பில கூர்மையா விழேக்க ரேஞ்ச்ஃபைண்டரில ரெண்டு உருவமும் ஒண்டாச் சேராட்டி, சரிபண்ணுற கூலியை விலையில கழியுங்கோ. மாரி துடங்க முன்னம் தோலுறையைக் கழற்றிவிடுங்கோ, அது ஈரம் பிடிச்சு லென்ஸுக்குப் பூஞ்சணம் ஏத்தும்.

மாங்குளம்35: உறையில்லாமல் வறுத்த அரிசி டப்பாவுக்க வைக்கலாம்.

குளக்கட்டு: அரிசித்தூள் ஷட்டருக்க போகும். சிலிக்கா ஜெல், காத்துப்போகாத டப்பா.